உள்ளுறை வெப்பம்

தௌகவா ஆறு மேலே உறைந்து கிடக்கிறது,
அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.
சலஸ்பில்ஸ் ஆய்வுக்கூடத்தில் பிப்ரவரி இரவு.
இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கியபடி வெல்டா
நகக்கண் அளவுச் சில்லு ஒன்று
சூடாகிறதே என்று கவலைப்படுகிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய சில்லு.
ஆளைப் படுக்கவைத்து உள்ளே தள்ளும் ஸ்கேன் எந்திரத்தில்
அந்தப் பெரிய காந்தத்தை ஒட்டியே
காலம் தள்ளவேண்டும்.
விசிறி வைக்கலாமென்றால்
மோட்டாரைக் காந்தம் சும்மா விடாது.

அதனால்தான் இந்தக் கண்ணாடிப் பெட்டி.
உப்புப் போட்ட நீர், நீருக்குள்
கோடானுகோடி மெழுகுத் துளிகள்,
ஒவ்வொன்றும் மெல்லிய தோலுக்குள்.
பார்த்தால் தண்ணீர் கலந்த பால்.
சூடு தொட்டதும் தோலுக்குள்ளேயே மெழுகு உருகும்.
உருகி முடியும்வரை
தன் சூட்டில் ஓர் இம்மி ஏறாது.

தமிழில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.
எருமை தாமரையை மிதித்ததைச் சொல்லிவிட்டு
அவன் எங்கே போய்வந்தான் என்பதை
சொல்லாமல் விடுவார்களே, அந்த உள்ளுறை.
வெல்டாவுக்கு இது தெரியாது.
அவளுக்குத் தெரிந்தது எண்கள்.

காந்தத்தை முடுக்கினாள்.
மேலே எழவேண்டிய வெதுவெதுப்பு
பக்கத்திலிருந்து யாரோ சட்டையைப் பிடித்தாற்போல்
தயங்கியது.
அறுபத்தொன்று.
அறுபத்து மூன்று.
பதினோரு இரவாக இதே கதை.

இந்துலிஸ் கையிலிருந்த திருகுசாவி
பறந்துபோய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.
காலை ஊன்றி இழுத்தான். சாவி வரவில்லை.
தாங்கி கிரீச்சிட, காந்தமே
கால்வட்டம் சாய்ந்தது. பக்கங்களில் இருந்த துருவங்கள்
இப்போது மேலும் கீழுமாக.

வெல்டா லாத்வியனில் மூன்று சொல் சொன்னாள்.
எந்த அகராதியிலும் இராது.
நான்காவது வாயிலேயே நின்றுவிட்டது.

அறுபத்து இரண்டரை.
அறுபத்தொன்றே முக்கால்.

ஏறுகிற திசையிலேயே புலமும் நின்றால்
பிடித்து இழுக்க அதற்குக் கையில்லை.
எத்தனையோ தடவை எழுதிய சமன்பாடுதான்.
பெட்டியை மட்டுமே
இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக் காந்தத்தை யார் சாய்ப்பார்கள்?"
இந்துலிஸ் கேட்டது நியாயம்தான்.
எந்திரத்தின் வாய் விளிம்பில்
புலக்கோடுகள் வளைந்து மேலே திரும்பும் இடம்
ஒரு சாண் இருக்குமா, இருந்தால் போதும்;
பென்சிலைத் தேடினாள்,
கிடைத்த ரசீதின் முதுகில் வளைவை வரைந்தாள்.

திருகுசாவி காந்தத்திலேயே இருக்கிறது.
"ஒரு நிமிஷம் அணைத்துத் தாயேன்,
நான் வீட்டுக்குப் போகணும்."
அவள் காதில் விழவில்லை.
அறுபத்தொன்று.