சின்னக் கரண்டி

பெல்கிரேடிலிருந்து திரும்பி வந்துவிட்டது
என் தேன் புட்டி.
மதியப் பேருந்து ரதோமிர்
இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினான்.
செய்தித்தாள் சுற்றி, சணல் கட்டி,
மேலே ஒரு சீட்டு:
"அம்மணி, இதில் சர்க்கரை.
அடியிலிருந்து கழுத்துவரை வெள்ளையாய் உறைந்திருக்கிறது.
பணத்தைத் திருப்பி அனுப்பவும்.
நெபோய்ஷா, மூன்றாம் மாடி."

மூன்றாம் மாடிக்கு
மே மாதத்து மழை எப்படித் தெரிந்ததோ.
இங்கே அரிலியேவில் பதினோரு நாள் பெய்தது.
அக்கேசியா பாதிப்பூ சேற்றில்.
பிளம் முன்னமே முடிந்த கதை.
பெட்டியில் காதுவைத்தால்
கொதிக்கும் முன் பாத்திரம் முனகுமே, அந்தச் சத்தம்.
பாகு காய்ச்சி வைத்துவிடலாமா என்று
பொட்டலத்தோடு வாசலில் நின்றேன்.
ஆமாம் நெபோய்ஷா,
நீங்கள் சொல்கிற சர்க்கரை
அந்த ஒரு பொழுது என் கையில்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள்
விதோசாவாவின் சரிவில் ராஸ்பெரி பூத்தது.
பூவென்று சொல்லிக்கொள்ளக் கூசும் பூ.
மண்ணைப் பார்த்தே மலரும்.
மழை அதன் முதுகில் விழுந்து
வழிந்து போய்விடும்;
கவிழ்த்த கிண்ணத்துக்குள்
மது நனையாமல் கிடக்கும்.
தூறலுக்கும் தூறலுக்கும் நடுவே
என் தேனீக்கள் தலைகீழாகத் தொங்கிக் குடித்தன.

விதோசாவாவும் நானும்
வேலிக்காகப் பேச்சை விட்டு நாலு வருடம்.
ஆனால் அந்த வாரம்
மருந்தடிக்கும் டிராக்டரின் விளக்கு
இரவு பத்துக்கு மேல்தான் நகர்ந்தது,
தேனீயெல்லாம் கூடு அடைந்த பிறகு.
அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

உறையும், ஐயா.
சூடு காட்டாத தேன் உறையத்தான் செய்யும்.
ராஸ்பெரித் தேனோ பெரிய அவசரக்காரி,
செப்டம்பருக்குள்
பன்றிக்கொழுப்பாய் வெளுத்துவிடுவாள்.

இத்தனையும் எழுத
பேனாவை எடுத்துவைத்துவிட்டு
மூடியைத் திருகினேன்.

பாதி இல்லை.

பெரியவர்கள் நட்ட நடுவில் குத்துவார்கள்.
இது ஓரம் ஓரமாய்ச் சுரண்டி
ஒருவருக்கும் தெரியாமல்
மேலே சமன்செய்து
மறுநாளும் வந்த வேலை.
கட்டைவிரல் நகமளவு கரண்டி.
ஓரிடத்தில் பொறுமை போய்
விரலே இறங்கியிருக்கிறது.

பணத்தை உறையிலிட்டேன், முழுசாக.
புட்டியையும் அதே செய்தித்தாளில் சுற்றினேன்.
அவர் சீட்டின் முதுகில் ஒரே வரி:
"உங்கள் வீட்டுச் சின்னக் கரண்டியைக்
கேட்டுப் பாருங்கள்."

ஐந்தரைப் பேருந்து.
"மறுபடியுமா?" என்றான் ரதோமிர்,
முன்கண்ணாடியோரம் வெயிலில் வைத்தபடி.
அங்கே வேண்டாம், அடியிலேயே வை என்றேன்.
உருகிவிடும்.
போய்ச் சேரும்போதும்
அது உறைந்தே இருக்கவேண்டும்.