கிணறு எண் பதினான்கு

பிளான்ட் சிட்டிக்குக் கிழக்கே, ஆரஞ்சுத் தோப்பு முடிகிற இடத்தில்
என் பொறுப்பில் ஒரு கிணறு இருக்கிறது.
எட்டிப் பார்க்க முடியாது. நான்கு அங்குலக் குழாய்,
ஒரு பூட்டு, ஒரு எண்.
அளவுநாடாவை இறக்கி
தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று எழுதிக்கொள்வேன்.

ஜனவரியில் குளிர் வந்தது.
ஃபுளோரிடாவுக்கு வழி தவறி வந்த குளிர்;
வந்ததும் பதினோரு இரவு தங்கியது.

வெண்டல் பர்செல் தன் ஸ்ட்ராபெரி வயலுக்கு
விடிய விடியத் தண்ணீர் தெளித்தார்.
தண்ணீர் உறையும்போது தன் சூட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்,
அந்தச் சூட்டில் பூ பிழைத்துக்கொள்ளும்.
அவர் மட்டுமல்ல, சுற்றிலும் எல்லாப் பண்ணையும்.
காலையில் பார்த்தேன்:
வயல் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்குள் சிவப்பு.
அழகாகத்தான் இருந்தது.

நாடா நீண்டுகொண்டே போனது.
முதல் நாள் இருபத்தெட்டு அடி. நான்காம் நாள் ஐம்பத்தொன்று.
ஒன்பதாம் நாள் நம்பாமல்
இரண்டு முறை சுருட்டி இரண்டு முறை இறக்கினேன்.
எண்பத்து மூன்று.

கீழே இருப்பதற்குப் பாறை என்று பேர். சுண்ணாம்பு.
சருகில் ஊறி லேசாகப் புளித்த மழை
இறங்கிக்கொண்டே இருக்கிறது;
புளிப்புக்குச் சுண்ணாம்பு எத்தனை நாள் தாங்கும்?
விரிசல் வாய்க்காலாகி, வாய்க்கால் அறையாகி,
அறைக்கு மேல் களிமண் கூரை,
கூரைக்கு மேல் மணல், மணலுக்கு மேல்
ஆர்லீன் டட்டிலின் சலவை அறை.
நிறைந்திருந்தவரை கூரைக்குத் தோள் கொடுத்தது தண்ணீர்தான்.
தோளை இறைத்துவிட்டோம்.

பத்தாம் நாள் ஆர்லீன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்:
பின்கதவு மூடமாட்டேன் என்கிறது, அது உங்கள் இலாகாவா?
தச்சரைக் கூப்பிடுங்கள் என்றது நான் இல்லை, டெஸ்மண்ட்.
நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.
மாலையில் அவள் புல்தரையில் ஒரு வட்டம் மட்டும் வாடியிருந்ததாம்.

இரவு இரண்டரை. பெரிய சத்தம் இல்லை,
யாரோ மூட்டையை இறக்கிவைத்த மாதிரி என்றாள்.
சலவை எந்திரம் போனது, சுவர் போனது,
தொட்டியோடு எலுமிச்சை போனது.
தெருவில் நைட்டியோடு நின்றாள்,
கையில் எதற்கோ டிவி ரிமோட்.

கிட்டே போகாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன்.
கண்ணுக்குத் தெரிவது விளிம்பு இல்லை;
அடியில் குடைந்துபோய் வெறும் தோலாக நிற்கும்.

தமிழ்ச் செய்தியிலும் வந்ததென்று அக்கா அனுப்பினாள்.
‘திடீர்ப் பள்ளம்.’
அந்தத் திடீரில் என் விரல் நின்றது.
பல்லாயிரம் வருஷம், பிறகு பத்து இரவு,
அப்புறம்தான் திடீர்.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பார்கள்.
பழத்துக்கு வெண்ணெய்.
பர்செலின் பம்புக்கு அனுமதி தந்த தாளில்
சரிபார்த்தவர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.
சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

மார்ச்சில் கிணறு ஏறியது. முப்பத்திரண்டு அடி.
கடையில் ஸ்ட்ராபெரி இரண்டு டப்பா ஐந்து டாலர்.
வாங்கினேன்.
கழுவும்போது ஒன்று கை நழுவித் தரையில் விழுந்து
மெல்ல உருண்டது, ஃபிரிட்ஜ் பக்கமாக.
குனிந்து எடுத்தேன்.
விழுந்த இடத்திலேயே
மறுபடி வைத்துப் பார்த்தேன்.