வீங்காத குழாய்

வெர்ஷிச் கணவாய் இறக்கத்தில்
பதினேழாம் கொண்டை ஊசி வளைவு.
பிரேக் பிடித்தேன்.
லீவர் கைப்பிடிவரை வந்து விரலைக் கடித்தது.
வண்டி நின்றது என்னவோ உண்மைதான்,
பால் லாரிக்கு ஒரு முழம் முன்னால்.

பதினெட்டு வருஷத்து ரப்பர்.
அழுத்தமெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல்
குழாயின் வயிற்றில் உப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

எஃகு இழை பின்னிய குழாய்கள் வாங்கினேன்.
பிரேக்குக்கு இரண்டு, கிளட்சுக்கு ஒன்று.
பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போடாதே என்று
கடைக்காரி யெர்னேயா இரண்டு தடவை சொன்னாள்.

மத்யாஷ் தன் டிரில்லை எடுத்துப்போக வந்தான்.
மார்ச்சில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தபிறகு
என் ஷெட்டுக்குள் அவன் வருவது முதல் தடவை.
காற்றெடுக்க ஆள் வேண்டும்.
கேட்டேன்.

"அமுக்கு."
"அமுக்கிட்டேன்."
நிப்பிளைக் கால் சுற்று திறந்தேன்.
"விடாதே."
"விடல."
மூடினேன்.
"இப்ப விடு."

மூன்று மாதத்தில் நாங்கள் பேசியது இவ்வளவுதான்.
பாட்டிலுக்குள் குமிழிகள்,
பெரிசு, அப்புறம் சிறிசு, அப்புறம்
கடுகளவு ஒன்று, வெகுநேரம் கழித்து.
டாங்கின் பெயின்ட்மேல் ஒரு சொட்டு பிரேக் ஆயில்.
நான் திட்டுவதற்குள்
அவன் தண்ணீர் ஊற்றிவிட்டான்.

லீவர் இப்போது கல்.
இரண்டு விரல் போதும்.
மத்யாஷ் பிடித்துப் பார்த்தான், தலையாட்டினான்,
டிரில்லை மறந்து போய்விட்டான்.

கிளட்ச் குழாய் பெட்டியிலேயே கிடக்கிறது.
ஊசிக்குழல் ஒன்று இருந்தால்
ஒற்றை ஆளாகவே முடித்துவிடலாம்.
இருக்கிறது.
இரண்டாவது இழுப்பறையில்.