பதினாறு துளைகள்

குட்டியானையில் வந்திறங்கின
ஆறு ஜிப்சம் போர்டுகள்.
மேலப்பொன்னகரம் எட்டாவது தெரு முக்கில்
வண்டி திரும்பும்போதே
மேல்வீட்டு ஜன்னல் ஒருக்களித்ததை
இந்திராணி பார்த்திருக்கிறாள்.

நாங்கள் மேல்வீடு என்றுதான் சொல்வது.
பெயர் சொல்லி ஏழு வருஷமாகிறது.
பாகப்பிரிவினைப் பத்திரத்தில் மட்டும்
தவமணி, வயது ஐம்பத்தொன்று என்று
அங்கேயும்
எனக்கு மேல் வரியில் இருக்கிறது.

எங்கள் படுக்கையறைக் கூரையில்
அவர்கள் குளியலறை வளர்ந்துகொண்டே வந்தது.
முதலில் டீ டம்ளரின் அடி அளவு.
பிறகு ஒரு தாம்பாளம்.
போன ஐப்பசியில் கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே.
கட்டிலை நகர்த்தினோம்,
கறையும் நகர்ந்தது.
ஒருநாள் மத்தியானம்
உள்ளங்கை அகலக் காரை
என் தலையணையில் கிடந்தது,
நான் படுப்பது போலவே
குழி பண்ணிக்கொண்டு.

வக்கீல் நோட்டீஸ்
கீழிருந்து ஒன்று போனது.
மேலிருந்து ஒன்று வந்தது.
இரண்டுக்கும் கையெழுத்து வாங்கியவர் ஒரே தபால்காரர்.
படி ஏறி இறங்கி
அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

பீர்முகமது அண்ணாந்து பார்த்தார்.
பென்சில் முனையால் குத்தினார்.
பொலபொலவென்று உதிர்ந்து
துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது.
‘தண்ணிய நிப்பாட்டுங்க முதல்ல.
போர்டு நனைஞ்சா ஊறுன அப்பளம் சார்.
மேல ஒரு வார்த்தை சொன்னா
அரை நாள் சோலி.’
அளவு எடுங்க என்றேன்.
பன்னிரண்டுக்குப் பத்து என்று
சுவரிலேயே எழுதிக்கொண்டார்.

டிரில்லிங் மிஷினைத் தூக்கிப் பிடித்தான் சுபோல்.
முதல் துளையின் தூள்
கண்ணில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது,
துளைப்பது
அவர்கள் தரையின் அடிப்பக்கத்தை என்று.

மூன்றாவது துளையில்
மேலே ஏதோ பாத்திரம் உருண்டது.
ஐந்தாவதில்
குதிகாலால் ஓங்கி மிதிக்கும் சத்தம்.
டம். டம். டம்.
மிஷினை நிறுத்தச் சொன்னேன்.
மேலேயும் நின்றது.
சுபோலுக்குத் தமிழ் வராது.
மால்டாவில் அவனுக்கும் அண்ணன்மார் இருக்க வேண்டும்,
தலையைக் குனிந்து சிரித்தான்.
இன்னொன்று போடு என்று
விரலைக் காட்டினேன்.
டர்ர்ர்.
டம்.

ஏழு வருஷத்தில்
கேட்டதற்குக் கேட்டபடி வந்த பதில்.

பதினாறு துளைக்கும் ஆணி இறங்கி
சட்டம் தொங்கி
போர்டு ஏறியது.
‘ஃபேன் மட்டும் இதுல நிக்காது,
பழைய கொக்கிதான்’ என்றார் பீர்முகமது.
இதுவே பழசைப் பிடித்துத்தான் தொங்குகிறது
என்று நான் சொல்லவில்லை.

கடைசி போர்டு கறைக்கு நேர் கீழே.
‘மூடிரவா?’
‘ஒரு கதவு விடுங்க அந்த இடத்துல.’
‘எம்புட்டு?’
‘ஒரு தலை போற அளவு.’
வழுவழுன்னு இருக்கிறதுல பொந்து எதுக்கு
என்றாள் இந்திராணி.
கம்பியைப் பார்க்கணும்ல என்றேன்.

ராத்திரி
பூச்சின் ஈர வாசனை.
பால்சோறு நிறத்தில் அறை.
மேலே அரை அடி இருட்டு இருப்பது
யாருக்கும் தெரியாது.
பல்லி மட்டும் வந்து
வழி புரியாமல் திரும்பிப் போனது.

தூக்கம் வரவில்லை.
வழக்கமாக இந்நேரம் ரப்பர் செருப்பு இழுபடும்.
கதவுத் தாழ்.
ஒரு வாளித் தண்ணீர்.
மறுபடி செருப்பு.
சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இரண்டு தடவை.
கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த நாளில்
நாலு ஆகும்.

போர்டு எல்லாவற்றையும் குடித்துவிட்டிருந்தது.

சத்தமில்லாமல் முக்காலியைப் போட்டேன்.
கதவைத் தள்ளி
காதை உள்ளே கொடுத்தேன்.
சிமெண்ட் தூள் கழுத்துக்குள் இறங்கியது.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள் இந்திராணி:
‘ரெண்டாவது தடவையா?’

‘மூணு’ என்றேன்.