மேலதிகம் இரண்டு கிலோமீற்றர்

கடிதம் மூன்று மொழியில் வந்தது.
மூன்று மொழியிலும் வான் நின்றுவிட்டது.
"நிதி ஒதுக்கீடு குறைக்கப்பட்டுள்ளமையால்
பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கான போக்குவரத்து
மறு அறிவித்தல் வரை"
வினைச்சொல் அடுத்த தாளில் இருந்திருக்கும்.
அடுத்த தாள் வரவேயில்லை.
கந்தோரில் கடதாசிக்கும் வெட்டு.

பதினொரு பேரை ஏற்றி இறக்கினவன் நான்.
அன்புவழிபுரத்துத் துஷாளினி
நாலு ரயரையும் தொட்டுப் பார்த்துத்தான் ஏறுவாள்.
மழையென்றாலும் நாலு.
ஒருநாள் ஸ்பெயார் வீலைக் கண்டுவிட்டாள்,
அன்றிலிருந்து ஐந்து.
அபயபுரத்துச் சமில
சீற் பெல்ற்றைத் தானே போடவேண்டும்,
ஒருத்தரும் பார்க்கக் கூடாது.
வான் முழுக்க மற்றப் பக்கம் திரும்பிக் காத்திருக்கும்.
ஜமாலியா நிஸ்வருக்கு முப்பத்தொரு வயது.
ஏழு இருபதுக்குக் கேற்றில் நிற்பான்.
எஞ்சினின் இருமலை வைத்தே
எங்கட வானை அவனுக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமைகளில் மட்டக்களப்பிலிருந்து வந்த
பேச்சுப் பயிற்சி மிஸ்
அவனை 'த' வரைக்கும் கூட்டி வந்திருந்தா.
அடுத்தது 'ந'.
அவனுடைய பேர் தொடங்குகிற எழுத்து.
மிஸ்ஸின் பஸ் காசும்
அதே கடிதத்தில்தான் இருந்தது.

ஆனால் வான் நிற்கவில்லை.
அதே வான். அதே நான்.
இப்போது மேற்பார்வைக் கடமை:
நிலாவெளிக்கு, குச்சவெளிக்கு,
கோப்புகளோடு நாலு பேர்.
சீற்றுக்கு ஒன்றாய் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைச்
சுரண்டச் சொன்னார்கள். சுரண்டினேன்.
ஆமை போய்விட்டது. பட்டமும் போய்விட்டது.
வத்தகப்பழம் மட்டும் பாதியில் நிற்கிறது,
அதன்மேல்தான் கணக்காளர் இருப்பார்.

முதல் நாள், ஏழு இருபது,
இருமலைக் கேட்டுக் கேற்றைத் திறந்துவிட்டான்.
பை தோளில். தண்ணிப் போத்தல் கழுத்தில்.
கையைத் தூக்கினான்,
பஸ் மறிக்கிற மாதிரி அல்ல,
வகுப்பில் வரவு சொல்லுகிற மாதிரி.
"ஆர் அது? தெரிஞ்ச பொடியனோ?"
"இல்லை சேர்" என்றேன்.

அந்த 'இல்லை'யோடு குச்சவெளி மட்டும் ஓடினேன்.
திரும்பும்போது உப்பளத்தடியில் நிற்பாட்டச் சொன்னார்கள்,
படம் எடுக்க.
நான் இறங்கவில்லை.

அடுத்த நாளும் நின்றான். அதற்கடுத்த நாளும்.
அவனுடைய உம்மா கேற்றுக்குப் பூட்டுப் போட்டா.
கம்பிக்குள்ளால் கை வந்தது.
நாலாம் நாள்
பின்வீதியால் திருப்பினேன்.
மேலதிகம் இரண்டு கிலோமீற்றர்.

மாத முடிவில் ஓட்டப் புத்தகம் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் வட்டம்:
"பதினேழு நாட்கள், முப்பத்துநான்கு கிலோமீற்றர்.
எரிபொருள் அரச பணம். சாரதி விளக்கம் தருக."
விளக்கத்துக்கு ஒரேயொரு வரி விட்டிருந்தார்கள்.

பேனையோடு கன நேரம் இருந்தேன்.
முப்பத்தொரு வயது என்று எழுதலாமா.
கம்பிக்குள்ளால் ஒரு கை என்று.
'த'வுக்கு அடுத்தது என்று.
ஒரு வரிக்குள் அடங்குமா, அடங்கினாலும்
எந்தத் தலைப்பின் கீழ் கழிப்பார்கள்.
வெளியே, கோட்டைப் பக்கத்து மான் இரண்டு
கந்தோர் வாசலில் நின்று
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை நக்கிக்கொண்டிருந்தன.

எழுதினேன்:
வீதியில் மான்கள்.

ஏற்றுக்கொண்டார்கள்.
கணக்காளர் சரி போட்டுக்
கையெழுத்தும் வைத்தார், திகதியோடு.
மானுக்கு நிற்காத வாகனம் இந்த ஊரில் இல்லை.

நேற்றுச் சந்தையில் உம்மாவைக் கண்டேன்.
மீன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினா.
கோபமாய் ஒன்றும் சொல்லவில்லை.
பின்வீதியால் போனாலும் இருமல் கேட்கிறதாம்.
இப்போதெல்லாம்
வளவின் பின்பக்கம் ஓடுகிறானாம்.