கை முந்துகிறது

வான்டா. பிப்ரவரி. அதிகாலை இரண்டு நாற்பது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி.
உள்ளே, ஆறு ஹைட்ராலிக் கால்கள்மேல்,
எங்கும் போகாத ஒரு விமானம்
ஏறிக்கொண்டிருக்கிறது.

இரவில் வாடகை பாதி.
அதனால்தான் எங்கள் கூடத்தில் பேரழிவுகள் எல்லாம்
தூக்கம் கெட்டவர்களுக்கே வாய்க்கின்றன.

நான் பின் இருக்கையில், மடியில் திரை.
விரல் பட்டால் ஒரு எஞ்சின் பற்றிக்கொள்ளும்.
என்ன வேலை என்று கேட்பவர்களிடம்
மாதச் சம்பளத்துக்குக் கெடுதல் செய்கிறேன் என்பேன்.

எண்ணூறு அடி.
தொட்டேன். இடது.

மணி அடித்தது என்று சொன்னால் போதாது.
பல்லின் வேரில் அடித்தது.

கேப்டன் ஹக்கராய்னென்,
பதினோராயிரம் மணி நேரம் பறந்தவர்,
சிவப்பு விளக்கை அமுக்கி மணியை நிறுத்தினார்.
சரிதான். அப்படித்தான் செய்ய வேண்டும்.
சத்தம் ஓய்ந்தால் யோசிக்க இடம் கிடைக்கும் என்றுதான்
அந்த விளக்கையே பொத்தானாக வைத்தார்கள்.
இடம் கிடைத்தது.
அவர் அதில் உட்காரவில்லை.

வலது நெம்புகோலை இழுத்தார்.
நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்
ஏனென்று கேட்காமல் நின்றது.

பிறகு பெட்டிக்குள்ளிருக்கும் குரல் தொடங்கியது.
இறங்குகிறாய். இறங்குகிறாய். தரை. தரை. மேலே இழு.
ஐந்தாம் நடைமேடையில் ரயில் வருகிறது என்கிற
அதே நிதானம்.
இழுத்தார். இருவருமே இழுத்தார்கள்.
பிடித்த கைப்பிடி காய்ச்சல்காரன் போல உதறியது.
திரை சிவந்தது.
ஆறு கால்களும் பெருமூச்சு விட்டு மண்டியிட்டன.

யாரும் சாகவில்லை.
ஹக்கராய்னென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மணி தலைக்குள் புகுந்துவிட்டது" என்றார்.
துணை விமானி வெண்லா, இருபத்தாறு வயது,
தோள் வாரைக்கூட அவிழ்க்காமல் இருந்தாள்.

பதிவை ஓட்டினேன்.
காமெரா மேலிருந்து பார்க்கும்:
நான்கு கைகள், ஒரு வகிடு, ஒரு வழுக்கை.
மணி நிற்கிறது.
நின்றபின் ஒன்றே முக்கால் வினாடி.
அதற்குள் வெண்லா சொல்கிறாள், தெளிவாக,
"ஒன்று. இடது."

கேப்டனின் கை, மணியை நிறுத்திய அதே கை,
திரும்பி வரும் வழியில்
அவள் பக்கம் உள்ளங்கையை விரிக்கிறது.
நாய்க்கு 'இரு' என்று காட்டுவோமே, அப்படி.
அவளும் இருந்துவிடுகிறாள்.

"இன்னொரு முறை" என்றார்.
ஓட்டினேன்.
"இன்னொரு முறை."
மூன்றாவது முறை அவர் திரையைப் பார்க்கவில்லை.
மேஜைமேல் கிடந்த தன் வலது கையைப்
பார்த்துக்கொண்டிருந்தார்,
யாரோ விட்டுவிட்டுப் போன கையுறையைப்
பார்ப்பது போல.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: மனிதத் தவறு.
தபால்தலை அளவு.
டிக் போட்டேன்.
வேறெதற்கும் அதில் இடமில்லை.

காபி இயந்திரத்தருகே வெண்லாவிடம் கேட்டேன்,
ஏன் மறுபடி சொல்லவில்லை?
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி
"சொன்னேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

ஆறரைக்குக் கடை திறந்தது.
பத்துக் கிலோ உருளைக்கிழங்கு வாங்கி
பக்கத்து இருக்கையில் சாய்த்தேன்.
ரிங் ரோட்டில் ஏறியதும் கார் கத்தத் தொடங்கியது,
பெல்ட், பெல்ட் என்று.
மூட்டைக்கு உயிர் இருப்பதாக அதன் நம்பிக்கை.
ரேடியோவை உயர்த்தி அதை அமுக்க
என் கை கிளம்பிப் போய்விட்டது.
பாதி வழியில்தான் பார்த்தேன்.

பனிக்குவியலோரம் நிறுத்தினேன்.
ஒரு லாரி விளக்கடித்துத் திட்டிக்கொண்டு போனது.
உருளைக்கிழங்கின் வயிற்றுக்குக் குறுக்கே
வாரை இழுத்து மாட்டினேன்.
கார் சமாதானமானது.

மறுபடி கிளம்பிய அந்த அமைதியில்
பின்பக்கம், இடது சக்கரம்,
சன்னமாக எதையோ சொல்லிக்கொண்டு வந்தது.
எத்தனை நாளாகவோ.