நூற்றிருபது கல்

அருமனையில் இருந்து பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கின
நூற்றிருபது இன்டர்லாக் கல்,
சிவப்பு பாதி, சாம்பல் பாதி.
ஜுபைலில் இருந்து அலோசியஸ் அனுப்பிய காசு.
முதலில் நடைக்கு முன்னால் பாவிவிடு, என்றார் போனில்.
மீதி முற்றத்துக்கு அடுத்த மாதம்.
மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் தூசி,
கோழி நடந்த இடமெல்லாம் அசிங்கம்.

சரி என்றேன்.
எங்களுக்குள் அது பல அர்த்தம் உள்ள சொல்.

கமுகுக்கும் பின்சுவருக்கும் நடுவே
வீடியோவில் நான் காட்டாத கும்பாரம்:
மாசியில் வாரிய ரப்பர் இலை பதினோரு சாக்கு,
சக்கை மடல், சாளைத் தலை,
ஷெர்லின் கிழித்துப் போட்ட கணக்கு நோட்டு,
லில்லிபாய் வீட்டுச் சாணம் ரெண்டு கடவம்.
காலையில் உள்ளே கையை நுழைத்துப் பார்ப்பேன்.
சுட வேண்டும்.
காய்ச்சல் கண்டால் எனக்குச் சந்தோஷம் தருவது
இந்த வீட்டில் இது ஒன்றுதான்.

ஏழு மணிக்குக் கூட்டைத் திறந்தால்
ஆறு பெட்டையும் ஒரு சேவலும்
நேரே அங்கேதான்.
வலது கால், இடது கால், பின்னால் ஒரு எட்டு,
தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் விசாரணை.
மண்புழு, வண்டின் வெள்ளைப் புழு, பூரான்.
மரச்சீனித் தோலை மட்டும் தொடாது;
கசப்பை யார் சொன்னார்களோ.
மாலையில் நான் கூட்டிச் சேர்ப்பேன்.
மறுநாள் அவை இறைக்கும்.
இதில் யார் யாருக்கு வேலைக்காரி என்று
ஷெர்லின் கேட்டாள்.
துடைப்பத்தை அவள் கையில் கொடுத்தேன்.

மக்காததையும் அவைதான் எடுத்துத் தரும்:
ஷாம்பு பாக்கெட், மாத்திரை அட்டை,
போன லீவில் அலோசியஸ் தேடித் தேடி
எங்கள் இருவரையும் ஏசின நகவெட்டி.

ஒரு சனிக்கிழமை கீரி வந்தது.
வேலியடியில் கறுப்பியின் இறகுதான் கிடந்தது.
அதையும் கும்பாரத்தில் போட்டேன்.
மற்ற ஐந்தும் அதற்குமேல் நின்று கிளறின.
எல்லாம் கரைந்த பிறகும்
இறகு மட்டும் வெகுநாள் இறகாகவே இருந்தது.

நேசையன் வந்தார், கையில் ஒடிந்த சேனை முளை.
"ஒங்க கோழி கிண்டிப் போட்டிருக்கு, பாருங்க."
பார்த்தேன். கிண்டித்தான் இருந்தது, நாலு மூடு.
மூட்டுக்கு ஒரு கடவம் உரம் என்று பேசி முடிந்தது.
அவரே வந்து வாரினார்,
ஒரு பிடியை மூக்கருகே வைத்துப் பார்த்து.
வேலி ஓட்டையை அடைப்பதாகச் சொன்னவர்
அடைக்கவில்லை.
அடுத்த வாரம் அது கொஞ்சம் பெரிதாகவும் இருந்தது.

இடவப்பாதி பிடித்து மூன்றாம் நாள்
கும்பாரம் சரிந்து, கறுப்புத் தண்ணீர்
கிணற்றைப் பார்த்து நடந்தது.
அப்போதுதான் கல் ஞாபகம் வந்தது.
சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு
நானும் ஷெர்லினும் சுமந்தோம்.
சிமென்ட் இல்லை, வெறும் அடுக்கு.
மூன்று பக்கம், தொடை உயரம்,
காற்றுக்கு இடுக்கு விட்டு.
கடைசிக் கல்லில் கணக்கு சரியாக வந்தது.
கோழிகள் ஒரு நாள் தள்ளி நின்று யோசித்தன.
மறுநாள் சாம்பல் கல்லில் ஏறி,
சிறகை உதறி,
உள்ளே குதித்தன.

செப்டம்பரில் அவர் வந்தார்.
விமானத்தில் போட்ட ஷூவோடு பின்பக்கம் நடந்தார்.
கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
நான் கமுகைப் பார்த்தேன்.
குனிந்து இடுக்கில் விரலை விட்டவர்
சட்டென்று இழுத்துக்கொண்டார்.
"சுடுது."
ஆமாம் என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் விட்டார்.

ராத்திரி மரச்சீனியும் முட்டையும்.
தோலை நான் அள்ளப் போகும் முன்னே
டார்ச்சோடு அவர் எடுத்துக்கொண்டு போனார்.
திரும்ப வர நேரமானது.
"அந்தச் சேவலுக்கு உறக்கமே கிடையாதா?"
என்று கேட்டபடி உட்கார்ந்தார்,
கையைக் கழுவாமல்.